தூத்துக்குடித் தும்மலும் செல்லின் துப்புரவும்

மன்னார் வளைகுடாவில் முத்துக்குளிப்பு நடந்த காலத்தில் குளியாளி கொண்டுபோன கருவிகள் மிகக் குறைவு. காலை வைத்துச் சரசரவென்று கீழே இறங்க ஒரு கல், சிப்பி அள்ளிப் போட ஒரு வலைப்பை, மேலே படகில் கயிற்றைப் பிடித்துக்கொண்டு நிற்க நம்பிக்கையான ஓர் ஆள். இலங்கைப் பக்கத்து முத்துக்குளிப்புகளுக்கு வந்த அரபுக் குளியாளிகள் கொம்பில் செய்த கவ்வியை மூக்கில் மாட்டிக்கொள்வார்கள். தமிழ்க் குளியாளிகள் பெரும்பாலும் விரலாலேயே மூக்கைப் பொத்திக்கொண்டு குதித்தார்கள். கவ்வியோ விரலோ, மூக்கு ஒழுங்காக இல்லாதவர் அந்தத் தொழிலில் நீடிக்க முடியாது.

காரணம் எளிய இயற்பியல். கடலில் 10 மீட்டர் ஆழத்துக்குப் போனால் உடம்பின் மேல் அழுத்தம் இரு மடங்காகிவிடும். கன்னத்துக்கு உள்ளேயும் நெற்றிக்கு உள்ளேயும் மூக்கைச் சுற்றிய எலும்புகளிலும் காற்று நிரம்பிய அறைகள் இருக்கின்றன. சைனஸ் என்று நாம் சொல்வது இவற்றைத்தான். அந்த ஆழத்தில் இந்த அறைகளுக்குள் இருக்கும் காற்று பாதியாகச் சுருங்கப் பார்க்கும். மூக்குக்குள் திறக்கும் சிறு துவாரங்கள் திறந்திருந்தால் காற்று உள்ளே புகுந்து சரிக்கட்டிவிடும். அடைத்திருந்தால், உள்ளே உறிஞ்சும் விசையில் சவ்வு வீங்கும், இரத்தம் கசியும், நெற்றியில் கத்தியால் குத்துவதுபோல் வலிக்கும். மேலே வரும்போது இன்னொரு ஆபத்து: உள்ளே சிக்கிய காற்று விரிவடைந்து வெளியேற வழியில்லாமல் முட்டும்.

1961-க்குப் பிறகு இந்தக் கரையில் பெரிய முத்துக்குளிப்பு நடக்கவில்லை. ஆனால் சங்கு குளிக்கிறவர்கள் இன்றும் இருக்கிறார்கள். திரேஸ்புரத்திலிருந்து படகேறிப் போகிறவர்கள், படகில் ஓடும் கம்ப்ரஸரிலிருந்து வரும் குழாயை வாயில் கவ்விக்கொண்டு இறங்குகிறார்கள். மூக்கடைப்பு உள்ள நாளில் இறங்கினால் வலி, இறங்காவிட்டால் கூலி இல்லை. மூக்கில் சதை வளர்ந்திருப்பவர் சிகிச்சை முடியும்வரை ஆழத்துக்குப் போகாமல் இருப்பதே நல்லது என்பது முக்குளிப்பு மருத்துவர்களின் அறிவுரை. அன்றாடக் கூலியில் பிழைக்கும் ஒருவரால் இந்த அறிவுரையைக் கேட்க முடிகிறதா என்பது வேறு விஷயம்.

கடலுக்குள் இறங்காத நமக்கு மூக்கடைப்பு அவ்வளவு பெரிய செய்தி இல்லை. "என்ன அண்ணாச்சி, மறுபடியும் சளியா?" என்று கேட்டால், "சளி இல்லப்பா, டஸ்ட் அலர்ஜி. ஒரு செட்ரிசின் போட்டா சரியாயிரும்" என்று பதில் வரும். அது உண்மையும்கூட, பலருக்குச் சரியாகிவிடும். சிலருக்குச் சரியாகாது. வருடக்கணக்காகத் தும்மி, நீர் வடிந்து, ஒருநாள் கண்ணாடியின் முன் மூக்கைத் தூக்கிப் பார்க்கும்போது உள்ளே ஏதோ வெளிறிய சதை தெரியும். ஒரே தூசியைச் சுவாசிக்கிற இரண்டு பேரில் ஒருவருக்கு மட்டும் ஏன் அப்படி ஆகிறது? இந்தக் கேள்விக்கு விடை தேடும் விஞ்ஞானிகளில் ஒரு சாரார் இப்போது பார்த்துக்கொண்டிருப்பது, மூக்குச் சவ்வின் ஒவ்வொரு செல்லுக்குள்ளும் நடக்கும் துப்புரவு வேலையை.

அதற்கு முன் தூத்துக்குடியின் காற்றில் என்ன இருக்கிறது என்று பார்த்துவிடலாம்.

1974-ல் பெருந்துறைமுகமாக அறிவிக்கப்பட்டு, இப்போது வ.உ.சிதம்பரனார் பெயரைத் தாங்கி நிற்கும் துறைமுகத்தில் நிலக்கரி வந்து இறங்குகிறது. பக்கத்திலேயே 1,050 மெகாவாட் அனல்மின் நிலையம். சரக்குப் பெட்டகங்களை ஏற்றிக்கொண்டு இரவும் பகலும் ஓடும் டீசல் லாரிகள். வடக்கிலும் தெற்கிலும் உப்பளங்கள். உப்பை அரைத்துப் பொட்டலம் போடும் இடங்களில் பொடி பறக்கிறது. ஆனி, ஆடியில் மேற்கிலிருந்து வறண்ட காற்று வீசும்போது தேரி மண்ணும் சேர்ந்து வரும். ஊருக்கு வெளியே எங்கு பார்த்தாலும் சீமைக் கருவேலம். விறகுக்கும் கரிக்கும் ஆகிற இந்த மரத்தின் மகரந்தம், இந்தியாவில் ஒவ்வாமையை உண்டாக்கும் முக்கியமான மகரந்தங்களில் ஒன்று. வீட்டுக்குள்ளே வந்தால், கடற்கரை ஈரப்பதத்தில் தலையணையிலும் மெத்தையிலும் செழித்து வாழும் தூசிப்பூச்சி, கண்ணுக்குத் தெரியாத அளவில்.

இவை எல்லாம் ஒரே வகை அல்ல. உப்புப் பொடியும் நிலக்கரித் தூசியும் மூக்கை எரிச்சலூட்டும். உடம்பு அவற்றுக்கு எதிராக ஒவ்வாமை எதிர்ப்பொருள் தயாரிப்பதில்லை. மகரந்தமும் தூசிப்பூச்சியும் புரதம் கொண்டவை. உண்மையான ஒவ்வாமையைத் தூண்டுபவை அவைதான். ஆனால் இரண்டும் ஒரே மூக்குக்குள் சேர்ந்து போகும்போது கணக்கு மாறுகிறது. அமெரிக்காவின் கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தில் 1990-களில் டேவிட் டயஸ்-சான்செஸ் குழுவினர், ஒவ்வாமை உள்ள தன்னார்வலர்களின் மூக்கில் மகரந்தப் புரதத்தைத் தனியாகவும் டீசல் புகைத் துகளோடு சேர்த்தும் செலுத்திப் பார்த்தார்கள். சேர்த்துச் செலுத்தியபோது அந்த மகரந்தத்துக்கு எதிரான எதிர்ப்பொருள் பல மடங்கு கூடியது. கருவேலங்காட்டின் நடுவே லாரிகள் வரிசை கட்டும் ஒரு ஊருக்கு இந்த முடிவு வெறும் வெளிநாட்டுச் செய்தி அல்ல.

இந்த ஊரின் மூச்சை யாரும் அளந்து பார்க்கவே இல்லை என்றும் சொல்ல முடியாது. 2006-07-ல் திருநெல்வேலி மருத்துவக் கல்லூரியின் சமுதாய மருத்துவத் துறை, ஸ்டெர்லைட் தாமிர ஆலையைச் சுற்றி 5 கிலோமீட்டர் வட்டத்தில் வீடுவீடாகப் போய் ஆய்வு செய்தது. மூச்சு தொடர்பான நோய்கள் அங்கே கூடுதலாக இருப்பதை அது பதிவுசெய்தது. ஆலை 2018 மே மாதம் மூடப்பட்டது. அந்த ஆய்வு மக்களின் தொந்தரவுகளை எண்ணியது. சவ்வுக்குள் போய் மரபணுவைப் பார்ப்பது அதன் வேலையாக இருக்கவில்லை.

இந்தக் கரைக்கே உரிய இன்னொன்று இறால். இறால் சாப்பிட்டால் உடம்பெல்லாம் தடிக்கிறது என்று சொல்பவர்கள் எல்லா ஊரிலும் இருக்கிறார்கள். அந்தத் தடிப்புக்குக் காரணமான புரதத்தைக் கண்டறிந்ததில் ஒரு பெரும் பங்கு பெங்களூருவுக்கு உண்டு. இந்திய அறிவியல் கழகத்தின் பி.வி.சுப்பா ராவும் அவரோடு உழைத்தவர்களும், அமெரிக்க ஆராய்ச்சியாளர் டீன் மெட்கால்ஃபுடன் சேர்ந்து, 1989-ல் இறாலிலிருந்து வெப்பத்துக்கு அழியாத ஒவ்வாமைப் புரதங்களைப் பிரித்தெடுத்தார்கள். 1993-ல் முக்கியக் குற்றவாளி ட்ரோபோமயோசின் என்ற தசைப் புரதம் என்று நிறுவினார்கள். அவர்கள் எடுத்துக்கொண்ட இறால் வெளிநாட்டு இனம் அல்ல. நம் கடலில் பிடிபடும் வெள்ளை இறால்தான்.

வெப்பத்துக்கு அழியாது என்பதைக் கவனிக்க வேண்டும். கொதிக்க வைத்தாலும் அந்தப் புரதம் தன் குணத்தை இழப்பதில்லை. இறாலும் நண்டும் வேகும்போது எழும் ஆவியிலும், பீய்ச்சி அடிக்கும் தண்ணீரில் தெறிக்கும் நுண்துளியிலும் அது காற்றில் ஏறிவிடும். 1980-களில் கனடாவின் நண்டு பதப்படுத்தும் ஆலைகளில் ஆய்வு செய்த ஆந்த்ரே கார்த்தியேயும் சகாக்களும், தொழிலாளர்களில் கணிசமானோருக்கு வேலையினாலேயே ஆஸ்துமா வந்திருப்பதைக் காட்டினார்கள். பலருக்கு மூக்கிலும் கண்ணிலும்தான் முதலில் தொந்தரவு தொடங்கும். தூத்துக்குடியில் ஏற்றுமதிக்காக இறாலை உரித்து, நண்டுச் சதையைப் பிரித்தெடுக்கும் கூடங்களில் மேசையோரம் நாள் முழுக்க நிற்பவர்கள் பெரும்பாலும் பெண்கள். குளிரூட்டிய அறை, ஈரத் தரை, கையுறை, தலைத்தொப்பி எல்லாம் உண்டு. தொப்பியும் கையுறையும் இறாலைக் காப்பாற்றுவதற்கு. உரிப்பவரின் மூக்கைக் காப்பாற்ற அவை போதாது. காலையில் கூடத்துக்குள் நுழைந்ததும் தும்மல் தொடங்கி, ஞாயிற்றுக்கிழமை லீவில் அடங்கினால், அது சளி அல்ல என்று புரிந்துகொள்ளலாம். இன்னொரு செய்தி: தூசிப்பூச்சியிடமும் கரப்பான்பூச்சியிடமும் இதே குடும்பத்துப் புரதம் இருக்கிறது. ஒன்றுக்குப் பழகிய எதிர்ப்பொருள் மற்றதையும் அடையாளம் கண்டு பாயக்கூடும்.

இந்தப் பாய்ச்சல் நடக்கும் விதம் 1960-களின் பிற்பாதியில்தான் தெளிவானது. ஜப்பானியத் தம்பதியர் கிமிஷிகே இஷிசாக்காவும் தெருகோ இஷிசாக்காவும் அமெரிக்காவில் 1966-ல், அதே காலத்தில் ஸ்வீடனில் யோஹான்சனும் பென்னிக்கும், ஐஜிஇ என்ற எதிர்ப்பொருளைக் கண்டுபிடித்தார்கள். மூக்குச் சவ்வில் மாஸ்ட் செல்கள் என்ற காவல் செல்கள் உண்டு. ஐஜிஇ அவற்றின் மேல் ஒட்டிக்கொண்டு காத்திருக்கும். பழகிய புரதம் வந்து தொட்டதும், சில நிமிடங்களில் மாஸ்ட் செல் ஹிஸ்டமினைக் கொட்டும். தும்மல், அரிப்பு, நீர்வடிதல் எல்லாம் அதன் வேலை. செட்ரிசின் தடுப்பது இந்தக் கட்டத்தைத்தான். சில மணி நேரம் கழித்து இரண்டாம் அலை வரும்: இயோசினோஃபில் என்ற வெள்ளணுக்கள் திரளாக வந்து சவ்வில் குடியேறும், சவ்வு வீங்கும், மூக்கு அடைக்கும். இந்த அடைப்பை மாத்திரை அவ்வளவாகத் தொடுவதில்லை. மாத்திரை போட்டும் மூக்கு திறக்கவில்லை என்று சொல்பவர்களின் குறைக்கு இதுதான் காரணம்.

வீக்கம் மாதக்கணக்கில் ஆறாமல் இருந்தால், சிலருக்குச் சவ்வு நீர்கோத்துத் தொங்கத் தொடங்கும். கண்களுக்கு இடையிலுள்ள எலும்பறைகளின் வாசலில்தான் பெரும்பாலும் இது ஆரம்பிக்கும். வெளிறிய சாம்பல் நிறம், வழவழப்பு, தொட்டால் வலிக்காது. மருத்துவர்கள் பாலிப் என்பார்கள்; சித்த மருத்துவம் நாசிகா பீடம் என்கிறது. மூக்கின் இரு பக்கமும் வளரும். முதலில் போவது வாசனை. குழம்பு தீய்வதும், மீன் கெட்டுப்போனதும், கேஸ் கசிவதும் தெரியாமல் போகும். மீனோடு வாழும் ஊரில் வாசனை போவது சின்ன இழப்பு அல்ல.

இங்கே ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். ஒவ்வாமை மூக்கு உலகில் 10 முதல் 30 சதவீதம் பேருக்கு இருக்கிறது. பாலிப் இருப்பவர்கள் 1 முதல் 4 சதவீதம் பேர்தான். ஆகவே தும்முகிற எல்லாருக்கும் சதை வளராது. ஒவ்வாமையே இல்லாதவர்களுக்கும் பாலிப் வருவதுண்டு. ஆஸ்துமா உள்ளவர்களிடம் அது அதிகம். பாலிப், ஆஸ்துமா, ஆஸ்பிரின் போட்டால் மூச்சிரைப்பு ஆகிய மூன்றும் ஒருவரிடமே சேர்ந்திருப்பதும் உண்டு. அப்படிப்பட்டவர் எந்த மருத்துவரிடம் போனாலும், பல்லுக்கே போனாலும், வலி மாத்திரை வாங்குமுன் இதைச் சொல்லிவிட வேண்டும். உயிர் சம்பந்தப்பட்ட விஷயம்.

தென் தமிழகத்தில் மூக்குச் சதை என்றதும் மருத்துவர்கள் இன்னொன்றையும் நினைப்பார்கள். ரைனோஸ்போரிடியம் சீபரி என்ற நுண்ணுயிரி உண்டாக்கும் சதை அது. உலகில் இந்த நோய் மிக அதிகமாகக் காணப்படுவது இந்தியாவின் தெற்குப் பகுதிகளிலும் இலங்கையிலும்தான். குளம், கண்மாய், ஊருணித் தண்ணீரில் குளிப்பவர்களுக்கு வருகிறது. கடல் குளியலோடு தொடர்புடையது அல்ல. இதன் சதை வெளிறியதல்ல. செக்கச்செவேலென்று, மேலே வெண்புள்ளிகள் தெளித்து, தொட்டால் இரத்தம் வடியும். பெரும்பாலும் ஒரு பக்கத்தில் மட்டும் வரும். ஒவ்வாமைக்கும் இதற்கும் தொடர்பில்லை. ஒவ்வாமை ஸ்பிரே இதற்குப் பயன்படாது. அறுத்தெடுத்து அடியைச் சுட வேண்டும். பொதுவாக, ஒரே பக்க மூக்கில் மட்டும் சதை வளர்ந்தாலோ இரத்தம் வந்தாலோ தாமதிக்காமல் மருத்துவரிடம் காட்ட வேண்டும். கட்டியாகவும் இருக்கலாம்.

இனி, செல்லுக்குள் போகலாம்.

செல் ஓய்வாக இருப்பதில்லை. அதற்குள் புரதங்கள் பழுதாகின்றன, ஆற்றல் தரும் மைட்டோகாண்ட்ரியாக்கள் கிழடாகின்றன, சில நேரம் கிருமிகள் புகுகின்றன. இவற்றைச் சுற்றி இரட்டைச் சவ்வால் ஒரு பை உருவாகும். அந்தப் பை, செரிக்கும் நொதிகள் நிறைந்த லைசோசோமோடு போய்ச் சேரும். உள்ளே இருப்பவை சிதைந்து, மூலப்பொருளாகச் செல்லுக்கே திரும்பும். இந்தத் தன்னுண்ணலுக்கு ஆட்டோஃபேஜி என்று 1963-ல் பெயரிட்டவர் பெல்ஜிய விஞ்ஞானி கிறிஸ்டியான் த துவ். பெயர் வந்தும் முப்பது ஆண்டுகளாக அது எப்படி நடக்கிறது என்பது யாருக்கும் சரியாகப் பிடிபடவில்லை.

பிடித்தவர் யோஷினோரி ஓசுமி. 1988-ல் டோக்கியோவில் சொந்த ஆய்வகம் தொடங்கியபோது அவர் கையில் எடுத்தது ரொட்டிக்கும் மதுவுக்கும் பயன்படும் ஈஸ்ட். செரிக்கும் நொதிகள் இல்லாத ஈஸ்ட் வகை ஒன்றை எடுத்து, அதைப் பட்டினி போட்டார். பிறகு சாதாரண மைக்ராஸ்கோப்பில் பார்த்தார். செல்லின் குப்பை சேரும் அறைக்குள் சின்னச் சின்ன உருண்டைகள் துள்ளித் துள்ளி நகர்ந்துகொண்டிருந்தன. செரிக்க நொதி இல்லாததால் கரையாமல் தங்கிப்போன பைகள் அவை. பெரிய கருவி எதுவும் இல்லை. செரிமானத்தை நிறுத்தினால் பைகள் சேரும், சேர்ந்தால் கண்ணுக்குத் தெரியும் என்ற யோசனைதான் எல்லாம். அடுத்து, பை உருவாகாத திரிபு ஈஸ்ட்டுகளைத் தேடி, 1993-ல் இந்த வேலைக்கு அவசியமான 15 மரபணுக்களை அறிவித்தார். 2016-ல் நோபல் பரிசு அவர் ஒருவருக்கே கிடைத்தது. அந்த மரபணுக்களின் சொந்தங்கள் மனிதரிடமும் இருக்கின்றன, ஏ.டி.ஜி.5, ஏ.டி.ஜி.7 என்று இன்று எண்ணிட்டு அழைக்கிறார்கள். 1999-ல் பெத் லெவினின் குழு பெக்லின்-1 என்ற மரபணு மனிதச் செல்லில் இதே வேலையைத் தூண்டுவதைக் காட்டியது. இந்தியாவிலும் பெங்களூரு ஜவாஹர்லால் நேரு உயர் அறிவியல் ஆய்வு மையத்தில் ரவி மஞ்சிதாயாவின் ஆய்வகம் இந்தத் துறையிலேயே உழைத்துக்கொண்டிருக்கிறது.

மூக்குக்கு வருவோம். தூசியும் புகையும் கிருமியும் முதலில் மோதுவது மூக்குச் சவ்வில்தான். துப்புரவு சரியாக நடந்தால், அடிபட்ட செல் தன்னைச் சீராக்கிக்கொண்டு வீக்கச் செய்திகளை அடக்கிவிடும். நடக்காவிட்டால் பழுதானவை தேங்கும். அவை வீக்கத்தைத் தூண்டும் பொருள்களைச் செல் மேலும் மேலும் வெளியேற்றச் செய்யும். 2015-ல் தைவான் மருத்துவர்கள், அறுவையில் எடுத்த பாலிப் திசுவையும் சாதாரண மூக்குச் சவ்வையும் ஒப்பிட்டார்கள். தன்னுண்ணலின் அடையாளப் புரதமான எல்.சி.3 பாலிப்பில் குறைந்திருந்தது. 2018-ல் தென்கொரியக் குழு ஒன்று, ஏ.டி.ஜி.7 மரபணுவைச் சில வெள்ளணுக்களில் மட்டும் நீக்கிய எலிகளை வளர்த்தது. அந்த எலிகளுக்கு இயோசினோஃபில் நிறைந்த சைனஸ் வீக்கம் கடுமையாக வந்தது. அந்த வெள்ளணுக்களில் முக்கியமான மேக்ரோஃபேஜை அகற்றியபோது வீக்கம் தணிந்தது. பாலிப்புக்கும் தடைபட்ட துப்புரவுக்கும் உறவு இருக்கிறது என்பதற்கு இதுவரை கிடைத்த நல்ல சாட்சிகளில் இவையும் சேரும்.

ஆனால் கதை ஒரே திசையில் ஓடவில்லை. ஆஸ்துமாவில் ஏ.டி.ஜி.5 மரபணுவின் சில வடிவங்களுக்கும் நோய்க்கும் தொடர்பு இருப்பதாக 2012-ல் கனடாவிலும் அமெரிக்காவிலும் தனித்தனியே ஆய்வுகள் வந்தன. கடுமையான ஆஸ்துமா நோயாளிகளின் இரத்த செல்களில் தன்னுண்ணல் குறைவதற்குப் பதில் கூடியிருப்பதாகக் கொரிய ஆய்வு ஒன்று சொன்னது. மூச்சுக்குழாய்ச் செல் சளியைச் சுரப்பதற்கே ஏ.டி.ஜி.5 வேண்டும் என்றும் தெரியவந்தது. ஆகவே தன்னுண்ணல் கூடினால் நல்லது, குறைந்தால் கெட்டது என்று ஒரே வரியில் எழுதிவிட முடியாது. எந்தச் செல், நோயின் எந்தக் கட்டம் என்பதைப் பொறுத்து அது மாறுகிறது.

அளக்கும் முறையிலும் ஒரு சிக்கல். துறைமுக வாசலில் நூறு லாரி நிற்பதைப் புகைப்படமாகப் பார்த்தால், வியாபாரம் அமோகமா, உள்ளே கிரேன் பழுதாகி வரிசை தேங்கிவிட்டதா என்று சொல்ல முடியாது. எல்.சி.3 கூடியிருந்தாலும் அப்படியே: பைகள் மும்முரமாக உருவாகின்றனவா, லைசோசோமோடு சேராமல் தேங்கி நிற்கின்றனவா? அதனால்தான் கவனமான ஆய்வாளர்கள் பி62 என்ற இன்னொரு புரதத்தையும் சேர்த்துப் பார்ப்பார்கள். துப்புரவு நடந்தால் பி62-வும் செரித்துப்போகும். அது குவிந்திருந்தால் வேலை நின்றுவிட்டது என்று பொருள். ஒரே ஒரு மரபணுவின் அளவைப் பார்த்துவிட்டுத் தீர்ப்பு எழுதும் கட்டுரைகளை இந்த விஷயத்தில் நம்பக்கூடாது.

மரபணு என்றதும், "எங்க அப்பாவுக்கும் இருந்துச்சு, எனக்கும் வந்துருச்சு, என்ன செய்ய" என்று கைவிரிப்பவர்கள் உண்டு. இங்கே பேசுவது பெரும்பாலும் பரம்பரையை அல்ல. எல்லாச் செல்லிலும் ஒரே மரபணுத் தொகுப்புதான் இருக்கிறது. எந்த மரபணு எவ்வளவு வாசிக்கப்பட்டுப் புரதமாகிறது என்பது செல்லுக்குச் செல், நேரத்துக்கு நேரம் மாறும். தூசி, புகை, கிருமி, மருந்து எல்லாமே அதை மாற்றக்கூடியவை. பரம்பரையாக வந்த வடிவத்தை நாம் மாற்ற முடியாது. சுவாசிக்கும் காற்றை மாற்ற முடியும். இன்னொன்று: பாலிப் வருமா வராதா என்று முன்கூட்டியே சொல்லும் தன்னுண்ணல் மரபணுப் பரிசோதனை எதுவும் மருத்துவமனைப் பயன்பாட்டுக்கு வரவில்லை. யாராவது விற்றால் வாங்க வேண்டாம்.

தன்னுண்ணலைத் தூண்டும் மருந்து இல்லையா என்றால், உண்டு. ராபமைசின். ஈஸ்டர் தீவு மண்ணிலிருந்த ஒரு பாக்டீரியாவிலிருந்து அதைக் கண்டறிந்த குழுவுக்குத் தலைமை தாங்கியவர் பிரிவினைக்கு முந்தைய இந்தியாவில் பிறந்து கனடாவில் உழைத்த சுரேந்திர நாத் சேகல். மாற்றுச் சிறுநீரகத்தை உடம்பு நிராகரிக்காமல் இருக்க இன்று கொடுக்கப்படும் மருந்து அது. எதிர்ப்புச் சக்தியையே அடக்கிவிடும் என்பதால் மூக்கடைப்புக்காக அதை யாரும் எழுதித் தரமாட்டார்கள். பட்டினி கிடந்தால் தன்னுண்ணல் கூடும் என்று வாட்ஸ்அப்பில் சுற்றும் செய்திக்கு ஈஸ்ட்டிலும் எலியிலும் ஆதாரம் உண்டு. விரதம் இருந்து மூக்குச் சதை கரைந்தது என்பதற்கு ஆதாரம் கிடையாது. இன்சுலின் போடுகிறவர் இதை நம்பி உணவைத் தள்ளிப்போட்டால் ஆபத்தில் முடியும்.

சிகிச்சை பழையதுதான், ஆனால் வேலை செய்வது. மூக்கில் அடிக்கும் ஸ்டீராய்டு ஸ்பிரே இயோசினோஃபில் வீக்கத்தைத் தணித்து, சின்னப் பாலிப்புகளைச் சுருக்கும். ஸ்டீராய்டு என்ற பெயரைக் கேட்டுப் பலர் பயந்து இரண்டு நாளில் நிறுத்திவிடுகிறார்கள். மூக்குச் சவ்விலேயே வேலை செய்யும் இந்த மருந்து இரத்தத்தில் கலப்பது மிகக் குறைவு. முழுப் பலன் தெரிய வாரங்கள் ஆகும். அடிக்கும் முறையும் முக்கியம்: தலையைச் சற்றே குனிந்து, இடது மூக்குக்கு வலது கையால், வலது மூக்குக்கு இடது கையால், நடுச் சுவரை விட்டு வெளிப்பக்கம் நோக்கி அடிக்க வேண்டும். நடுச் சுவரில் அடித்தால் புண்ணாகி இரத்தம் வரும். உப்புநீரால் மூக்கைக் கழுவுவது நல்லது. கொதிக்க வைத்து ஆறவைத்த தண்ணீரில் மட்டும்.

மருந்துக்கடையில் கேட்டவுடன் கிடைக்கும் சைலோமெட்டசோலின் சொட்டு மருந்து வேறு வகை. போட்ட ஐந்தாவது நிமிடம் மூக்கு திறக்கும். ஒரு வாரத்துக்கு மேல் தொடர்ந்தால், மருந்து தீர்ந்ததும் முன்பைவிட மோசமாக அடைக்கும். பிறகு அந்தப் புட்டி இல்லாமல் தூங்க முடியாது என்ற நிலைக்கு வருபவர்கள் நிறையப் பேர்.

மருந்துக்கு அடங்காத பாலிப்பை எண்டோஸ்கோப் வழியாக எடுக்கிறார்கள். முகத்தில் வெட்டு விழாது. ஆனால் எடுத்துவிட்டோமே என்று ஸ்பிரேயை நிறுத்தினால் பலருக்கு மறுபடி வளரும். சதையை வெட்டியதால் சவ்வின் குணம் மாறிவிடுவதில்லை. 2019-ல் அமெரிக்காவில் பாலிப்புக்கு அனுமதி பெற்ற டுபிலுமாப் ஊசி, ஒவ்வாமை வீக்கத்தின் இரண்டு முக்கியச் செய்திகளைத் தடுக்கிறது. நல்ல பலன் தருகிறது. விலைதான் எட்டாத உயரத்தில் இருக்கிறது.

விஞ்ஞானம் இன்னும் பல ஆண்டுகள் இந்த மரபணுக்களோடு போராடும். அதுவரை காத்திருக்கத் தேவையில்லாத வேலைகள் தூத்துக்குடியில் இருக்கின்றன. இறால், நண்டு பதப்படுத்தும் கூடங்களில் வேகவைக்கும் இடத்தைத் தனியாக அடைத்து, ஆவியை வெளியேற்றும் விசிறி பொருத்தலாம். சேர்க்கும்போதும் பிறகு ஆண்டுதோறும் தொழிலாளர்களின் மூக்கையும் மூச்சையும் சோதிக்கலாம். தொந்தரவு கண்டவரை வேலையைவிட்டு நிறுத்தாமல் வேறு பிரிவுக்கு மாற்றலாம். நிலக்கரியையும் உப்புப் பொடியையும் கையாளும் ஒப்பந்ததாரர்கள் துணியைக் கட்டிக்கொள்ளச் சொல்லாமல், தூசியை வடிகட்டும் முகக்கவசம் தர வேண்டும். சங்குகுளிகளுக்கு ஆண்டுக்கொரு முறை காது, மூக்குப் பரிசோதனை முகாம் நடத்துவது மீன்வளத் துறைக்கும் சுகாதாரத் துறைக்கும் பெரிய செலவு அல்ல.

வாசகர்கள் செய்ய வேண்டியது ஒன்று உண்டு. மூக்கடைப்போ வாசனை இழப்போ 12 வாரத்தைத் தாண்டினால் மாத்திரை வாங்கிப் போட்டுக்கொண்டிருக்காமல், அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் காது மூக்கு தொண்டைப் பிரிவுக்குப் போய், எண்டோஸ்கோப்பால் மூக்கின் உட்புறத்தைப் பார்க்கச் சொல்லுங்கள். சில நிமிடங்களில் முடியும் பரிசோதனை அது.